ஐபோன் பாடி நம்ம ஊர்ல... ஐபோன் ஆசை நம்ம வீட்ல! ஓசூர் டீன்ஏஜ் வீடுகளின் போன் கணக்கு

"அம்மா, எனக்கு போன் வேணும்!"

டீன்ஏஜ் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தக் குரல் புதிதல்ல. ஆனால், கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். எட்டாம் வகுப்பில் 'போன் வேணும்' என்று கேட்ட பிள்ளை, பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் 'ஐபோன் வேணும்' என்று கேட்கிறது. அது இல்லையென்றால் ஒன்பிளஸ், ஐக்யூ, சாம்சங் என்று ஏதாவது ஒரு பெயர். பொருளைக் கேட்ட பிள்ளை எப்போது பெயரைக் கேட்க ஆரம்பித்தது என்பது நமக்கே தெரிவதில்லை. இரண்டும் வேறு வேறு கோரிக்கைகள். இரண்டுக்கும் சேர்த்து "அதெல்லாம் முடியாது, போய்ப் படி" என்று ஒரே பதிலைச் சொல்லிவிடுகிறோம். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்து வீடுகளில் இந்தச் சண்டைக்கு ஒரு விசேஷம் உண்டு. பிள்ளை கேட்கும் அந்த ஐபோனின் வெளிக்கூடு, அதாவது 'பாடி', இங்கேதான் தயாராகிறது. உத்தனப்பள்ளி அருகே நாகமங்கலத்தில் இருக்கும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையைச் சொல்கிறேன். 2025-ல் இங்கே முழு ஐபோனையும் கோக்கும் அசெம்ப்ளி வேலையும் தொடங்கியதாகச் செய்திகள் வந்தன. எல்லையைத் தாண்டினால் கோலார் மாவட்டம் நரசாபுரா. அங்கே விஸ்ட்ரான் நடத்திவந்த ஐபோன் ஆலையை 2023-ல் டாடாவே வாங்கிவிட்டது. உலகில் தயாராகும் ஐபோன்களில் கணிசமான பங்கு இந்தியாவில் கோக்கப்படுகிறது என்றால், அதில் இந்த எல்லையோரப் பகுதிக்கு நல்ல பங்கு இருக்கிறது.

இந்த ஆலையில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். பிளஸ் டூ முடித்தவர்கள், டிப்ளமோ முடித்தவர்கள். சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ் ஏறுபவர்கள் ஒரு பக்கம், வெளி மாவட்டங்களிலிருந்தும் ஜார்க்கண்ட் போன்ற வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள் இன்னொரு பக்கம். ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த 6,000 பழங்குடிப் பெண்களுக்குப் பயிற்சி தரப்பட்டிருப்பதாக 2022 நவம்பரில் அப்போதைய மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சொன்னார்.

இப்போது ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு சிப்காட்டில் ஒரு சின்ன உதிரிபாக யூனிட்டில் வேலை. அக்காவுக்கு 19 வயது, போன வருஷம்தான் கம்பெனியில் சேர்ந்தாள். தம்பி பிளஸ் ஒன். அக்கா நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்குகிறாள். எழுந்ததும் தம்பி கேட்கிறான், "அக்கா, நீங்கதானே செய்றீங்க... உங்களுக்குக் கம்மியா தர மாட்டாங்களா?"

சிரிக்காதீர்கள். நியாயமான கேள்விதான்.

பக்கத்துல செஞ்சா விலை குறையாதா?

மாங்காய்க்கு அது பொருந்தும். கிருஷ்ணகிரியில் சீஸனில் மாம்பழம் மலிவு. சென்னைக்குப் போனால் விலை ஏறும். போன் அப்படி இல்லை. போனுக்குள் இருக்கும் சிப், டிஸ்ப்ளே, கேமரா போன்ற விலையுயர்ந்த பாகங்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. இங்கே நடக்கும் வெட்டும் வேலைக்கும் கோக்கும் வேலைக்குமான கூலி, போனின் விலையில் மிகச் சின்ன பங்கு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025 செப்டம்பரில் ஐபோன் 17 வந்தபோது அமெரிக்காவில் ஆரம்ப விலை 799 டாலர். இந்தியாவில் ரூ.82,900. 'அங்கே மலிவு, இங்கே கொள்ளை' என்று பிள்ளைகள் சொல்வார்கள். அன்றைய டாலர் மதிப்பு சுமார் 88 ரூபாய். பெருக்கினால் ஏறத்தாழ 70,300 ரூபாய். அதன் மேல் நம் ஊர் ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம் சேர்த்தால்? கிட்டத்தட்ட அதே 82,900-க்கு வந்துவிடும். அமெரிக்க விலையில் அந்த மாநிலத்து விற்பனை வரி சேர்ந்திருக்காது. நம் விலையில் வரியும் உள்ளடக்கம். அதாவது, ரூ.82,900-ல் சுமார் 12,650 ரூபாய் வரி மட்டுமே. நாகமங்கலத்தில் செய்வதால் மட்டும் இந்த விலை நமக்குக் குறைந்துவிடாது.

அக்காவின் சம்பளம் கையில் 15,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஐபோனுக்கு ஐந்தரை மாதச் சம்பளம். சாப்பாடு, பஸ், வீட்டுக்கு அனுப்புவது எதுவும் இல்லாமல்! இந்தக் கணக்கைக் கத்தாமல், ஒரு பேப்பரில் எழுதிப் பிள்ளையிடம் காட்டிப் பாருங்கள். 'நம்மகிட்ட காசு இல்ல' என்ற வார்த்தை வளர்கிற பிள்ளைக்குக் கூச்சத்தைத் தரும். 'அக்காவோட அஞ்சரை மாசம்' என்பது வேறு மாதிரி காதில் விழும்.

கண்ணாடி முன்னாடி ஒரு செல்ஃபி

சரி, ஏன் குறிப்பாக ஐபோன்? அமெரிக்காவில் இதற்கு ஒரு வெளிப்படையான காரணம் இருக்கிறது. அங்கே பைப்பர் சாண்ட்லர் என்ற நிறுவனம் டீன்ஏஜர்களிடம் தொடர்ந்து கருத்துக்கணிப்பு எடுக்கிறது. சில வருடங்களாகவே அதில் சுமார் 87 சதவிகிதம் பிள்ளைகள் கையில் ஐபோன். அங்கே மெசேஜ் அனுப்ப ஐபோனில் இருக்கும் ஐமெசேஜ்தான் வழக்கம். ஐபோனுக்கு ஐபோன் அனுப்பினால் மெசேஜ் நீல நிறத்தில் இருக்கும். ஆண்ட்ராய்டுக்குப் போனால் பச்சை. அந்தப் பச்சை நிறத்துக்காகவே பிள்ளைகள் நண்பர்கள் குரூப்பிலிருந்து ஒதுக்கப்படுவதாக, 2024 மார்ச்சில் ஆப்பிள் மீது அமெரிக்க நீதித்துறை போட்ட வழக்கிலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால் எபிக் கேம்ஸ் தொடுத்த வழக்கில் ஆப்பிளின் உள் மின்னஞ்சல்கள் சில வெளியே வந்தன. ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்கும் கொடுக்கலாமா என்று 2013-ல் கம்பெனிக்குள் பேச்சு வந்திருக்கிறது. அப்போது மூத்த அதிகாரி கிரெய்க் ஃபெடரிகி எழுதிய பதிலின் சாரம் இது: ஐபோன் வைத்திருக்கும் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு போன் வாங்கித் தருவதற்கு இருக்கும் ஒரு தடையை நாமே நீக்கியதாகிவிடும். படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பகீர் என்றுதான் இருந்தது. பிள்ளைகளின் பிராண்ட் பாசம் தானாக முளைப்பதாக நாம் நினைக்கிறோம். அதற்கு வேலி கட்டுவது பற்றி எங்கோ ஒரு மீட்டிங்கில் பேசியிருக்கிறார்கள்.

நம் ஊரில் இந்த நீலம், பச்சை வேலைக்கு ஆகாது. இங்கே எல்லாரும் வாட்ஸ்அப். இரண்டாயிரம் ரூபாய் பழைய போனிலிருந்து அனுப்பினாலும், லட்ச ரூபாய் போனிலிருந்து அனுப்பினாலும் மெசேஜ் ஒரே மாதிரிதான் தெரியும். அப்படியென்றால், பிள்ளையின் கையில் இருப்பது என்ன போன் என்பது எங்கே தெரியும்?

பின்பக்கத்தில்!

கண்ணாடி முன்னால் நின்று எடுக்கும் செல்ஃபியைப் பாருங்கள். முகம் பாதி மறைந்திருக்கும். போனின் பின்பக்கமும் கேமரா வளையங்களும் பளிச்சென்று தெரியும். லோகோ மறையக் கூடாது என்று அந்த இடத்தில் மட்டும் வட்டமாக வெட்டிய பேக் கவர் விற்கிறார்கள். கவர் என்பது போனைப் பாதுகாக்கத்தான், ஆனால் பெயரை மறைத்துவிடக் கூடாது! டியூஷன் மேஜையில் போனைக் கவிழ்த்து வைப்பதிலும் இதே சங்கதிதான். ஆக, நம் ஊர்ப் பிள்ளை ஐபோனில் முதலில் கேட்பது அதன் வெளித்தோற்றத்தை. அலுமினியத்தை மெஷினில் குடைந்து, நிறமேற்றி, பளபளப்பாக்கும் அந்த வேலைதான் நாகமங்கலத்தில் நடக்கிறது. தம்பி ஆசைப்படுவது அக்கா ஷிஃப்டில் பார்க்கும் அதே பாகத்துக்கு.

இன்னொன்று. பெரும்பாலான எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் உற்பத்திக்கூடத்துக்குள் சொந்த போனைக் கொண்டுபோக முடியாது. எட்டு மணி நேரம் போன் இல்லாமல் போனைச் செய்கிறார்கள். தம்பிக்கு இது ஆச்சர்யமான செய்தியாக இருக்கும்.

எல்லாப் பையன்களும் ஐபோனையே கேட்பதில்லை. கேம் ஆடும் பையனாக இருந்தால் அவனுடைய பேச்சே வேறு. 'அறுபது எஃப்.பி.எஸ். வருமா, தொண்ணூறு வருமா, ஹீட் ஆகுமா' என்று பேசுவான். 2020 செப்டம்பர் 2-ம் தேதி பப்ஜியைத் தடை செய்தபோது கண்ணீர் விட்ட கூட்டம் இது. அடுத்த வருஷமே பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் அது திரும்பி வந்தது. இவர்களுக்கு பிராண்ட் என்றால் பிராசஸர். ரியல்மி ஆள், ஒப்போ ஆளைக் கிண்டல் செய்வான். ஐக்யூ வைத்திருப்பவன் விவோவை 'ஆன்ட்டி போன்' என்பான். வேடிக்கை என்னவென்றால், 2018-ல் ரியல்மி பிறந்ததே ஒப்போவின் துணை பிராண்டாகத்தான். ஐக்யூவும் விவோ வீட்டுப் பிள்ளை. ஒப்போ, விவோ, ஒன்பிளஸ் எல்லாவற்றுக்கும் பூர்விகம் சீனாவின் பி.பி.கே. என்ற ஒரே குடும்பம். ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளுக்காக நம் பிள்ளைகள் ஸ்கூல் கிரவுண்டில் அடித்துக்கொள்கிறார்கள். இதைச் சொன்னால் நம்ப மாட்டான். கூகுளில் அவனையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

டைட்டன் கட்டின ஊரு இது

'எங்க காலத்துல இதெல்லாம் இல்ல' என்று சொல்லப்போகிறீர்களா? ஓசூர்க்காரர்கள் அதைச் சொல்ல முடியாது. பிராண்ட் ஆசையைச் செய்து நாடு முழுக்க அனுப்பிய ஊர் இது.

1970-களில் சிப்காட் வந்தது. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து புறப்பட்டது. தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடாவும் 1984-ல் சேர்ந்து தொடங்கிய டைட்டன், 1987-ல் ஓசூரில் செய்த வாட்ச்சுகளைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதுவரை வாட்ச் என்றால் ஹெச்.எம்.டி, பெங்களூரில் செய்தது, தினமும் சாவி கொடுக்க வேண்டும். டைட்டன் பேட்டரியில் ஓடியது, மெலிசாக இருந்தது. டி.வி. விளம்பரத்தில் மொஸார்ட் இசை ஒலித்தது. பத்தாம் வகுப்பு பாஸானால் டைட்டன், கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு டைட்டன் என்று ஆனது. 'ஏதாவது ஒரு வாட்ச்' என்று வாங்கிக் கொடுத்திருந்தால் அந்தக் காலத்து மாப்பிள்ளை முகம் எப்படிப் போயிருக்கும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அதனால், பெயருக்கு ஆசைப்படுவது இந்தத் தலைமுறையின் புது வியாதி இல்லை. வித்தியாசம் ஆயுளில் இருக்கிறது. அப்பா கட்டிய டைட்டன் பேட்டரி மாற்றி, ஸ்டிராப் மாற்றி, இருபது வருஷம் கழித்தும் ஓடும். தம்பிக்குக் கொடுக்கலாம். போன் அப்படி இல்லை. மூன்று வருடத்தில் பேட்டரி இறங்கும், அப்டேட் நிற்கும், புது மாடலின் விளம்பரம் வந்து கையில் இருப்பதைப் பழசாக்கும். வாட்ச் ஒருமுறைச் செலவு. போன் பிராண்ட் என்பது சந்தா மாதிரி. திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பதினாறு வயதில் ஒரு பிராண்டுக்குள் போகும் பிள்ளை, முப்பது வயதுக்குள் அதே பிராண்டுக்கு நான்கைந்து முறை பணம் கட்டும். கம்பெனிகள் டீன்ஏஜர்களைத் துரத்துவது இதற்காகத்தான். 2016 முதல் பல ஆண்டுகள் ஐ.பி.எல். போட்டியே 'விவோ ஐ.பி.எல்.' என்ற பெயரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஒருமுறை உள்ளே போனால் வெளியே வருவதும் சுலபமில்லை. போட்டோக்கள் ஐகிளவுடில், இயர்பட்ஸ் அதே பிராண்ட், காசு கொடுத்து வாங்கிய ஆப்கள் அதே ஸ்டோரில். வேறு பிராண்டுக்கு மாறுவது வீடு மாறுவது போல. பாதிப் பேர் அந்த அலுப்புக்காகவே அங்கேயே தங்கிவிடுகிறார்கள். அதைப் பாசம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

பிள்ளை சொல்வதில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. "ஐபோன் ரொம்ப வருஷம் வரும்மா, வித்தா நல்ல விலை போகும்" என்கிறான் அல்லவா? உண்மைதான். ஐபோனுக்குப் பொதுவாக ஆறேழு வருடம் அப்டேட் வருகிறது. சாம்சங்கும் கேலக்ஸி எஸ்24 முதல் தன் உயர்ரக மாடல்களுக்கு ஏழு வருடம் தருவதாக அறிவித்திருக்கிறது. பத்து, பன்னிரண்டாயிரம் ரூபாய் போன்களில் பலவற்றுக்கு அதில் பாதிகூட இருக்காது. அதனால், 'எந்த பிராண்ட்' என்று கேட்கும் பிள்ளையிடம் 'இந்த மாடலுக்கு எத்தனை வருஷம் அப்டேட், நம்ம ஊர்ல சர்வீஸ் சென்டர் இருக்கா, பேட்டரி மாத்த எவ்வளவு ஆகும்' என்று மூன்று விஷயங்களைத் தேடி வரச் சொல்லுங்கள். பெயரைப் பற்றி ஆரம்பித்த பேச்சு பொருளைப் பற்றித் திரும்பும். பல நேரங்களில் பிள்ளையே இருபதாயிரத்துக்குள் ஒரு போனோடு வந்து நிற்கும். நிற்கவில்லை என்றாலும், அடுத்த ரவுண்டு சண்டை கொஞ்சம் அறிவோடு நடக்கும்!

"பொண்ணுக்கு எதுக்கு போன்?"

இதுவரை 'தம்பி' கேட்பதாகவே எழுதிவந்தேன். காரணம் இருக்கிறது. பிரதம் அமைப்பு வெளியிடும் ஏசர் ஆய்வின் 2024 அறிக்கையைப் பாருங்கள். இந்தியாவின் கிராமப்புறத்தில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 சதவிகிதம் பேருக்கு ஸ்மார்ட்போனை இயக்கத் தெரியும். அப்படித் தெரிந்தவர்களில் சொந்தமாக போன் வைத்திருக்கும் பையன்கள் 36 சதவிகிதம். பெண்கள் 27 சதவிகிதம்தான். பையன் 'எந்த பிராண்ட்' என்று சண்டை போடும்போது, அதே வீட்டுப் பெண், அம்மாவின் விரிசல் விழுந்த போனில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஹோம்வொர்க் பி.டி.எஃப். தேடிக்கொண்டிருக்கிறாள்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் இதற்கு இன்னொரு கோணம் உண்டு. குழந்தைத் திருமணம் இன்னும் ஓயாத பகுதி இது. 'போன் கொடுத்தா யார்கிட்டயாவது பேசுவா' என்ற பயத்தில் போனைப் பிடுங்கி வைப்பதும், அதே பயத்தில் அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பதும் ஒன்றோடு ஒன்று கைகோத்துப் போகின்றன. அப்படி ஒரு நிலையில் மாட்டும் பெண்ணுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கவும் ஒரு போன்தான் வேண்டும். ஐபோன் தேவையில்லை, பட்டன் போனே போதும். ஆனால் அது அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

பயம் முழுக்கப் பொய் என்று சொல்லவில்லை. முகம் தெரியாதவர் இன்ஸ்டாவில் மெசேஜ் அனுப்புவது நிஜம், போட்டோவை வைத்து மிரட்டுவதும் நிஜம். ஆனால் அந்த ஆபத்து பையனுக்கும் உண்டு. பையனின் போனை யாரும் பிடுங்குவதில்லை. மிரட்டலில் மாட்டிய பெண் பிள்ளை அம்மாவிடம் வந்து சொல்லாததற்கு முதல் காரணம், சொன்னால் போன் போய்விடும், படிப்பும் நின்றுவிடும் என்பதுதான். 'எது நடந்தாலும் போனை வாங்க மாட்டேன், எங்கிட்ட வந்து சொல்லு' என்று போன் கொடுக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஒருமுறை சொன்னால் போதாது.

கொரோனா நேரத்தில் வகுப்புகள் ஆன்லைனுக்குப் போனபோது வீட்டில் இருந்த ஒரே போன் யாருக்குப் போனது என்பதை ஞாபகப்படுத்திப் பாருங்கள். அன்று போட்ட வரிசைதான் பல வீடுகளில் இன்றும் தொடர்கிறது.

பெங்களூர் போய் வாங்கலாமா?

ஓசூரில் இருப்பதன் வசதி, பஸ் ஏறினால் பெங்களூர். 'எஸ்.பி. ரோடுல கேட்டேன், நேஷனல் மார்க்கெட்ல பாதி விலைக்குக் கிடைக்குதாம்' என்று பையன் ஒரு நாள் வந்து சொல்வான். 2025 செப்டம்பர் 2-ல் ஹெப்பாலில் ஆப்பிளின் சொந்தக் கடையும் திறந்தாகிவிட்டது. அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் ஆசை இரட்டிப்பாகும், விலை குறையாது. விலை குறையும் இடம் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்தான்.

பழைய போன் வாங்குவது தப்பில்லை. மூன்று வருடம் பழைய நல்ல மாடல், புது மலிவு மாடலைவிடச் சிறப்பாக ஓடக்கூடும். ஆனால், பில் இல்லாமல் வாங்காதீர்கள். போனில் *#06# அடித்தால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். திருட்டு போன் என்று பிளாக் செய்யப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். ஐபோன் என்றால், பழைய ஓனர் தன் ஆப்பிள் ஐடியை உங்கள் கண்முன்னே எடுக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் ஆக்டிவேஷன் லாக் விழுந்து, 25,000 ரூபாய் கொடுத்து வாங்கியது பேப்பர் வெயிட்டாகிவிடும். செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 80-க்குக் கீழே இருந்தால், பேட்டரி மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்தே பேரம் பேசுங்கள்.

அக்கா பேர்ல ஒரு லோன்

கடைசியாக, எனக்கு அதிகம் கவலை தரும் விஷயம். 18 வயதுக்குக் கீழ் இருப்பவர் போட்ட கடன் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அதனால் எந்தக் கடையிலும் தம்பி பேரில் இ.எம்.ஐ. தர மாட்டார்கள். அப்பாவுக்கு ஏற்கெனவே வண்டி லோன். சம்பள ஸ்லிப் இருப்பது யாரிடம்? அக்காவிடம். 19 வயதில் ஆதார், பான், பேங்க் பாஸ்புக்கோடு அவளைக் கடைக்கு அழைத்துப் போகிறார்கள். பத்து நிமிடத்தில் லோன் ஓகே. அவள் வாழ்க்கையின் முதல் கடன், அவள் பயன்படுத்தாத ஒரு போனுக்காக.

'ஜீரோ வட்டிதானே' என்பார்கள். அப்படி ஒன்று கிடையாது என்ற பொருளில் ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி எங்காவது ஒளிந்திருக்கும். ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி இ.எம்.ஐ-யில் கிடைக்காது, செயலாக்கக் கட்டணம், அதன் மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. என்று சேரும், கேட்காமலே ஒரு இன்ஷூரன்ஸையும் கோத்துவிடுவார்கள். ரொக்க விலை என்ன, இ.எம்.ஐ-யில் மொத்தம் கட்டுவது என்ன என்று இரண்டு எண்களை மட்டும் கடைக்காரரிடம் எழுதி வாங்குங்கள். வித்தியாசம்தான் வட்டி.

அதைவிட முக்கியம், தேதி. மாதம் ஏழாம் தேதி சம்பளம் வரும் கம்பெனியில் வேலை, இ.எம்.ஐ. பிடிக்கும் தேதி இரண்டு அல்லது ஐந்து. அக்கவுன்ட்டில் பணம் இல்லையென்றால் பவுன்ஸ். லோன் கொடுத்தவர் ஒரு அபராதம், பேங்க் ஒரு அபராதம். இரண்டு மாதம் இப்படிப் போனால் அது அவளுடைய கிரெடிட் ரிப்போர்ட்டில் பதிவாகும். 300-லிருந்து 900 வரை போகும் அந்த சிபில் ஸ்கோர் சரிந்துவிட்டால், நாளைக்கு அவள் தன் பேரில் ஒரு ஸ்கூட்டி வாங்கவோ, வேலையோடு மேலே படிக்கவோ லோன் கேட்கும்போது பேங்க் மேனேஜர் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். அதற்குள் தம்பி அந்த போனை மாற்றியிருப்பான்.

கல்யாணம் ஆகிப் போனாலும் லோன் அவள் பேரில்தான். வேலையை விட்டாலும் அவள் பேரில்தான். ஹாஸ்டலில் இருக்கும் பெண்ணுக்கு வசூல் ஏஜென்ட் போன் செய்யும்போது வீட்டில் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அவளிடம் முதலில் கேளுங்கள். சரி என்று சொல்லும் சூழல் இருந்து அவள் சொல்கிறாளா என்பதையும் பாருங்கள். தவணைத் தேதி சம்பளத் தேதிக்குப் பின்னால் இருக்குமாறு ஃபார்மில் கையெழுத்து போடுவதற்கு முன்பே மாற்றச் சொல்லுங்கள். முடிந்தவரை குறைந்த மாதங்கள் போடுங்கள். தம்பிக்கு லீவு நாளில் கிடைக்கும் கேட்டரிங் காசோ, பண்டிகைக்கு மாமா தரும் பணமோ, அதில் ஒரு பங்கு அந்தத் தவணைக்குப் போகட்டும்; தொகை சின்னதாக இருந்தாலும் அக்கா அக்கவுன்ட்டுக்கு அவன் கையாலேயே அனுப்பட்டும். கடைசித் தவணை முடிந்ததும் 'நோ டியூ' சர்ட்டிஃபிகேட்டைக் கேட்டு வாங்கி, ஒரு மாதம் கழித்து அவளுடைய கிரெடிட் ரிப்போர்ட்டை இலவசமாக எடுத்து, லோன் 'க்ளோஸ்டு' என்று காட்டுகிறதா என்று அவளையே சரிபார்க்கச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அந்த ரிப்போர்ட்டைக் காசில்லாமல் பெறும் உரிமை எல்லாருக்கும் உண்டு.